மேஸ்திரி வீட்டில் புகை வரவில்லை

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், ஹார்பர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கடலைக் கிடங்கில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கப் போவார், நான் கிடங்குக்குப் போவேன். வேர்க்கடலையைப் புடைத்து, சொத்தை பொறுக்கி, நல்லதைத் தனியாகக் குவித்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் கப்பலில் போகிற சரக்கு.

அப்போதெல்லாம் எனக்கு வாய் திறந்து பேச வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். பேசினால் தப்பாகிவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. இன்றைக்கும் அப்படித்தான். எழுதுவது கொஞ்சம் தேவலாம் என்று இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது கிடங்கு வாசலில் மேஸ்திரி நிற்பார். ஒவ்வொருத்தியும் அவர் எதிரில் நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். கடலையைக் கட்டிக்கொண்டு போகிறோமா என்று பார்க்கத்தான். பொதுத் தெரு அது. வண்டிக்காரன், மூட்டைக்காரன் என்று எல்லோரும் பார்ப்பார்கள். உடம்பு கூசிப்போகும். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார், அதையும் சொல்லிவிட வேண்டும். உத்தரவு முதலாளியுடையது.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா இருந்தாள். அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஒருநாள் அவள் மடியை உதறாமல் நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, டெய்லி எங்க மடியையே பாத்துகினு கீறியே, உன் முதலாளி மடிய என்னிக்கினா ஒதறிப் பாத்துகிறியா? அதுல கீது எங்க கூலி பூரா."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தியும் உதறாமல் போனாள். மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தொழிலாளர் சங்கத்திலிருந்து கதர்ச் சட்டை போட்ட ஒரு தம்பி வந்தார். ரொம்ப நல்ல பிள்ளை. எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துப் பேசினார். அந்த இரண்டு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், மடி உதறச் சொல்வதை நிறுத்த வேண்டும். இவை இரண்டும் நடக்கிறவரை சோறு தண்ணீர் இல்லாமல் உட்காரலாம் என்றார். பிறகு தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று அவரே விட்டுக்கொடுத்தார். எங்கே உட்காருவது என்று ஒரு கேள்வி வந்தது. முதலாளி பங்களா ஊருக்கு அந்தக் கோடி. கேட்டும் கூர்க்காவும் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தால் மறு நிமிஷம் போலீஸ் லாரி வந்துவிடும். மேஸ்திரி வீடோ எங்களுக்குப் பக்கத்துச் சந்து. அங்கேயே உட்காருவது என்று முடிவாயிற்று.

"யாரும் கை ஓங்கக் கூடாது. கல்லு எடுக்கக் கூடாது. கெட்ட வார்த்தை ஒண்ணு கூட வாயில வரக் கூடாது. நாம வருத்திக்கிட்டா அவங்க மனசு தானா மாறும்" என்றார் தம்பி.

"சோத்தக் கூட வுட்டுடுவேன் தம்பி. கெட்ட வார்த்தைய எப்டி வுடறது?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

யார் யார் உட்காருவது என்று கேட்டபோது அக்காவே என்னையும் சேர்த்துவிட்டாள். "இவளப் போட்டுக்கோ. இவ சோறு துன்றதுக்கே வாயத் தொறக்க மாட்டா." நான் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியவில்லை என்பதுதான் சரி. ஏழெட்டுப் பேர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், ஆனால் வீட்டிலும் பல்லில் எதுவும் படக் கூடாது என்று பேச்சு.

முதல் நாள் காலையில் மேஸ்திரி வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். மேஸ்திரி கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், எங்களைத் தாண்டி வேலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் சம்சாரம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, இடுப்பில் கைக்குழந்தை. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் கொண்டுவந்து வைத்தாள். வெயில் ஏறினதும் பழைய கோணியை எங்கள் தலைக்கு மேலே அவளே இழுத்துக் கட்டினாள்.

"இப்டி ஓரமா வந்து குந்துங்க. வெயில் மூஞ்சில அடிக்குது பாரு."

எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிராளி நிழல் கட்டிக் கொடுத்தால் உட்காரலாமா கூடாதா என்று தம்பி சொல்லித் தரவில்லை. உட்கார்ந்துகொண்டோம்.

"தண்ணி குட்த்து நல்ல பேரு வாங்கப் பாக்குறா. இதெல்லாம் நடிப்பு" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அன்று மத்தியானமே தாங்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் பொட்டுக்கடலையும் வெல்லமும் மடியில் முடிந்துகொண்டேன். ஒதுங்கப் போகிற சாக்கில் கரையில் கிடந்த கட்டுமரங்களுக்குப் பின்னால் போய், மென்று விழுங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். வந்து எல்லோரையும் போல வயிற்றைப் பிடித்துக்கொள்ளவும் செய்தேன்.

அன்றைக்குத்தான் ஒருத்தி அந்த வீட்டுக் கூரையைக் காட்டினாள். காலையில் சந்தில் எல்லா வீட்டிலிருந்தும் புகை கிளம்பும். ஓட்டு இடுக்கு வழியாக, கீற்று வழியாக, எப்படியாவது வெளியே வந்துவிடும். புகையைப் பார்த்தே யார் வீட்டில் உலை வைத்தாயிற்று என்று சொல்லிவிடலாம். மேஸ்திரி வீட்டில் மட்டும் புகை இல்லை. நேற்றும் இல்லை என்றாள் இன்னொருத்தி.

"அடுப்பு எதுக்குப் பத்த வெக்கணும்? காபி கிளப்புலேர்ந்து பூரி மசாலா வர்து. நம்ம கண்ணுல படாம பின்னாடி வயியா வாங்கியாந்து துன்றாங்கோ" என்றாள் அக்கா. எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் புத்திக்கு எட்டினது அவ்வளவுதான். வீட்டில் புகை வராவிட்டால் வெளியே வாங்கித் தின்கிறார்கள் என்று நினைத்தோம். வேறு காரணம் இருக்க முடியும் என்று பட்டினி கிடந்த எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உள்ளே குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அப்போது நான் வாயைத் திறந்தேன். எப்படி வந்ததோ தெரியவில்லை.

"பூரி மசாலா துன்னா பால் காரமாத்தான் இருக்கும். கொயந்த அயுவாம இன்னா பண்ணும்?"

எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அக்கா என் முதுகில் தட்டி, "ஊமக் கோட்டான் பேசிடுச்சுடி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே கேட்டிருக்கும் என்று தெரியும். திறந்திருந்த கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை, கையும் ஓங்கவில்லை. சத்தியாகிரகத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேஸ்திரி கிடங்கிலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் கதவு திறந்தது. மேஸ்திரி சம்சாரம் ஒரு இடுப்பில் குழந்தையும் ஒரு இடுப்பில் எங்களுக்குத் தண்ணீர்ப் பானையுமாக வாசற்படியில் கால் வைத்தாள். அப்படியே கண் சொருகிச் சாய்ந்தாள். பானை விழுந்து உடைந்தது. படிக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். ஒரே தாவலாகத் தாவிக் குழந்தையைப் பிடித்துவிட்டேன். தாவின வேகத்தில் என் மடி முடிச்சு அவிழ்ந்து, அன்றைக்கும் கொண்டுவந்திருந்த பொட்டுக்கடலையும் வெல்லமும் அந்த ஈர வாசலில் பொலபொலவென்று கொட்டியது.

யாரும் பேசவில்லை.

மேஸ்திரி ஓடி வந்தார். தரையைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார். மடியிலிருந்து என்ன விழுகிறது என்று பார்ப்பதுதானே அவருடைய வேலை. ஆனால் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்சாரத்தின் தலையைத் தூக்கினார்.

"தண்ணி எட்த்தா, தண்ணி எட்த்தா" என்று கத்தினார். அக்கா உள்ளே ஓடினாள். ஓடினவள் செம்போடு திரும்பி வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"அடுப்புல பூனை தூங்கிகினு கீதுடி" என்றாள். "சாம்பல் சில்லுனு கீது."

மேஸ்திரி எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க வந்து குந்துன அன்னிலேர்ந்து பத்த வெக்கல. வாசல்ல பசியோட ஆளுங்க குந்திகினு கீறப்ப உள்ள ஒலை வெச்சா அந்தச் சோறு எப்டி எறங்கும்னு கேக்குறா. நான் ஓட்டல்ல துன்னுட்டு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நான் துன்னேன். இவ வெறும் தண்ணிதான். பால் வத்திப்போச்சு, கொயந்த கத்துது. சொன்னா கேக்க மாட்டேன்றா."

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் குழந்தையைத் தேடினாள். என் கையில் இருப்பதைப் பார்த்தாள். பிறகு தரையில் சிதறிக் கிடந்த கடலையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது சொல்லித் திட்டப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள். குரல் வரவில்லை. எச்சில் கூட்டி விழுங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "ஒருத்தியாவது துன்னாளே. எல்லாருமே பட்டினின்னு பயந்துகினு இருந்தேன்."

குழந்தை என் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு பாலுக்குத் துழாவியது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அக்காதான் உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். பூனையை விரட்டி, சுள்ளி முறித்துப் போட்டு, அரிசி நொய்யைத் தேடியெடுத்துக் கஞ்சி வைத்தாள். கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தால் மேஸ்திரி சம்சாரம் வாங்கவில்லை. நீங்கள் எல்லோரும் குடித்தால்தான் நான் குடிப்பேன் என்றாள்.

"இன்னாம்மா இது, எங்களுக்கே சத்தியாகிரகமா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் குடித்தார்கள். என்னையும் கூப்பிட்டு ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். யாரும் என்னைக் குத்திக் காட்டவில்லை. கற்பூரச் சத்தியத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. கஞ்சி எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தார். நடந்ததை அக்கா சொன்னாள், என் மடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். தம்பி கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, உங்க தியாகத்துல அவங்க மனசு மாறிடுச்சு. இதுதான் நம்ம வெற்றி" என்றார்.

என் நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. அவள் மனசு மாறவே இல்லையே, நாங்கள் போய் உட்கார்ந்த முதல் நாளே அது அப்படித்தானே இருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மென்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மேஸ்திரி முதலாளியிடம் போய், இனிமேல் பெண்கள் மடியை உதறச் சொல்ல என்னால் ஆகாது என்று சொன்னாராம். அன்றைக்கே அவர் வேலை போயிற்று. அவருக்குப் பதிலாக வேறு ஒரு மேஸ்திரி வந்தார். அக்காவையும் இன்னொருத்தியையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அது வாஸ்தவம். மடி பார்ப்பது நிற்கவில்லை. ஒரு பெண்ணை வைத்து, கதவுக்கு உள்பக்கமாகப் பார்த்தார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதும் உண்மைதான். முதலாளிக்கு, நாங்கள் பட்டினி கிடந்ததே தெரியுமோ தெரியாதோ.

மேஸ்திரியும் சம்சாரமும் மீஞ்சூர்ப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றும்போது சந்து முனையில் நின்று பார்த்தேன். அக்கா போய்க் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள், அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டி என்னைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்று தலையை அசைத்தாள்.

அடிக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அடித்து யாரும் எதையும் வாழவைத்ததில்லை. ஆனால் அடிக்காமல் இருப்பதே அன்பு என்று அன்று நினைத்தோமே, அதில்தான் எனக்குச் சந்தேகம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவளை எவ்வளவு கேவலமாகப் பேசினோம். எங்கள் பட்டினி கல்மனசுக்காரன் கேட்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. இளகின மனசு எங்கே இருந்ததோ அங்கேதான் போய்த் தைத்தது. இதை அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால், நானும் பதிலுக்கு மனசுக்குள் நாலு வார்த்தை திட்டி எப்போதோ மறந்திருப்பேன். ஒருத்தியாவது தின்றாளே என்று அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.