ஜோடியாக இரண்டு போதும் என்ற மதினி

செம்பூரில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். "எலே, ஒன் மதினி போயிட்டாடா." காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், மதியத்துக்குள் இல்லாமல் போனார்.

செல்வக்கனி மதினியை தாராவி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். எடுத்ததை வெட்டிச் சேர்த்துப் படமாக்கித் தந்தவர் அவர். எங்கள் ஸ்டூடியோ நின்றது அவர் தலையில்தான்.

எங்கள் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது, புதியதற்கு லாமிங்டன் ரோட்டுக்குப் போனோம். ரேம் என்கிற நினைவுச் சில்லுகளைப் போட போர்டில் நாலு இடம் இருந்தது. நாலையும் நிரப்பினால் ராக்கெட்டாகப் பறக்கும் என்று கடைக்காரர் இந்தியில் அடித்துப் பேசினார். எனக்கும் அதே ஆசை. மதினி போர்டோடு வந்த புத்தகத்தை அங்கேயே நின்று நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணே ஒண்ணு போட்டா ஒத்தக் கையால மாவு பெசஞ்ச மாதிரி தம்பி. நாலையும் போட்டா இந்த போர்டு வேகத்தக் கொறச்சிருமாம். ஒரே டப்பாவுல ஜோடியா வார ரெண்டு போதும். மிச்ச எடம் சும்மா கெடக்கட்டும்."

"பாக்க நல்லா இருக்குமே மதினி?"

"வேல பாக்கத்தான வாங்குதோம்?"

ஓர் இடம் விட்டு ஓர் இடமாக இரண்டையும் தம் கையாலேயே பொருத்தினார். எவ்வளவு பெரிய கல்யாணத்தையும் அந்த மெஷின் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுத்தது.

அடுத்த சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பால்பாண்டிக்கு எங்கள் மேல் பொறாமை உண்டு. "வீட்டுப் பொம்பளைக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்போரிடமெல்லாம் சொல்வார். அது மதினியின் காதுக்கும் வந்தது.

ஒரு நாள் காலையில் அந்தப் பால்பாண்டியே எங்கள் வாசலில் வந்து நின்றார். திருநெல்வேலியில் நடந்த ஒரு கல்யாணத்தை அவர்தான் எடுத்திருந்தார். பெண்ணின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து தாராவியிலேயே தங்கிவிட்டவர். மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவில்லை. அன்று மாலை மாட்டுங்காவில் வரவேற்பு. அங்கே அவருக்குத் திரையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். படத்தைச் சேர்த்து முடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடுகிறதாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி செருப்பை மாட்டிக்கொண்டார். "யாரு வீட்டுப் பொண்ணுன்னாலும் அப்பா அப்பாதான" என்றார்.

மெஷினைத் திறந்து பார்த்தார். பழைய இரண்டு ரேமோடு வேறு கம்பெனியின் இரண்டைப் புதிதாகச் செருகியிருந்தார் பால்பாண்டி. மதினி புதியவற்றைக் கழற்றினார்.

"இருக்கதையும் கொறச்சா எப்பிடிம்மா ஓடும்?" பால்பாண்டி கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"இதுக ரெண்டும் அதுகளோட ஒத்துப்போவல அண்ணாச்சி. மெதுவாத்தான் ஓடும், ஓடட்டும். பாதியில நிக்கதுக்கு அது மேல்லா?"

மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் நிற்கவில்லை. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் மதினி பக்கத்திலேயே இருந்தார். மண்டபத்தில் நாற்காலிகள் நிறையத் தொடங்கியபோது படம் போய்ச் சேர்ந்தது. பெண் வீட்டார் மதினியையும் வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். அதன் பிறகு பால்பாண்டி எங்களைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மதினியும் அந்த உதவியை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. எதிலும் எது தேவை, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்கிற தெளிவு அவருக்கு இருந்தது. அதைவிடப் பெரிது அவர் மனசு.

அவர் போன பிறகு, மாலை போட அவர் படம் ஒன்றைத் தேடினோம். ஊரார் முகத்தையெல்லாம் அழகாக்கித் தந்தவருக்கு நல்ல படம் ஒன்றில்லை. பால்பாண்டிதான் கொண்டுவந்தார். அந்த வரவேற்பில் எடுத்தது. கூட்டம் முழுக்கத் திரையைப் பார்க்கிறது. கடைசி வரிசையில் மதினி மட்டும் சக்கர நாற்காலியில் இருக்கும் அந்த அப்பாவைப் பார்க்கிறார். அவர் அழுகிறார், மதினி சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்போடே போய்வாருங்கள், மதினி.