நூற்று நாற்பதாவது படி

போன வாரம் நன்றி சொல்லப் போய் வம்பில் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு ஆஸ்துமா என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். பைபாஸில் லாரிப் புகை, தெருமுனையில் எரியும் குப்பை... இரண்டில் ஒன்று போதும், நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்துவிடும். மழைக்காலம் இரண்டு மாதமும் விசில் இல்லை. அடைமழை புகையையும் தூசியையும் அடக்கிவிட்டது என்பது என் கட்சி.

"ஆங், மழைதான்! அப்போ நான் முருகர்கிட்ட வேண்டிக்கினது?" இது திருத்தணிப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்காரியான என் மனைவியின் கட்சி.

வேண்டுதல் என்ன? திருத்தணி மலையின் 365 படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவது. அதுவும் நானே, என் கையால்!

மறுக்க முடியுமா? அவளோடு போனேன். சட்டையைக் கழற்றி ஆட்டோவிலேயே போட்டுவிட்டு, வேட்டியோடு குனிந்து குனிந்து ஏற்றினேன். கிருத்திகை நாள் வேறு. முன்னால் பத்துக் குடும்பம், பின்னால் பத்துக் குடும்பம் — எல்லோர் கையிலும் கற்பூரம்.

நூற்று நாற்பதாவது படியில் உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. புகை பட்டால் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கும், சுற்றியுள்ள தசை இறுகும், சளி கோத்துக்கொள்ளும். டாக்டர் சொன்ன பாடமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இன்ஹேலர்? சட்டைப் பையில். சட்டை ஆட்டோவில். ஆட்டோ அடிவாரத்தில்! அவ்வளவுதான் என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"நவுருங்க, காத்து வுடுங்க!" படியோரம் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்தார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தார் — நான் வைத்திருக்கும் அதே நீல இன்ஹேலர்!

"எனுக்கும் இதே ரோதனைதான் சார். நேரா உக்காந்துகினு இழுங்க."

இழுத்தேன். பத்து நிமிடத்தில் பேச்சு வந்தது.

"இதை வெச்சிக்கிட்டு கற்பூரம் விக்கறீங்களே?"

"வயிறுன்னு ஒண்ணு கீதே சார்." முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "மீதி படிக்கு மஞ்ச, குங்குமம் போதும். சாமி கோச்சிக்க மாட்டாரு."

தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது.

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. மலையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"முருகா! இவரு நல்லபடியா ஊடு வந்து சேர்ந்துட்டா, அடுத்த வருஷமும் 365 படிக்கும் கற்பூ..."

பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன்.