வேலி போட்டதற்கு அப்புறம்

எழுபதுகளின் நடுவில் ஒரு பிற்பகல். திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், என் கையிலிருந்த கேள்விப் படிவத்தை ஓர் அம்மாள் வாங்கி, நாலாக மடித்து, தன் மீன்கூடைக்கு அடியில் வைத்துவிட்டார். "இத்த அப்பால பாத்துக்கலாம் டீச்சரு. நீ கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னுதான் சொல்ல முடியும். எம் புள்ள எப்டி செத்துச்சுன்னு நீ கேக்கவே இல்லியே" என்றார்.

நான் டீச்சர் அல்ல. செங்கல்பட்டில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தக் குப்பத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து வாந்திபேதியில் இறந்தார்கள். ஏன் என்று அங்குள்ளவர்களோடு சேர்ந்தே கண்டறிய வேண்டும் என்று எங்களை அனுப்பியிருந்தார்கள். சேர்ந்து செய்வது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த அம்மாளை மற்றவர்கள் அழைப்பது போல நானும் அக்கா என்றே அழைத்தேன். கேளம்பாக்கம் வரை கூடை சுமந்து மீன் விற்பவர். இரண்டு பிள்ளைகளை இழந்தவர்.

அவர்தான் பெண்களைக் கூட்டினார். மீன் விற்றுத் திரும்பிய பிறகு, கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் கதையைச் சொன்னாள். ஒருத்தியின் மகள் இறந்த நாளில் வலை நிறைய வஞ்சிரம் பட்டிருந்ததாம். குப்பமே சிரித்துக்கொண்டிருந்ததால் யாரையும் உதவிக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகவே இருந்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, கேட்ட நாங்கள்தான் அழுதோம். யாருக்கும் தேதி தெரியாது. புயலுக்கு முன்னால், நெத்திலி வந்தபோது, இன்னார் கல்யாணத்துக்கு மறுநாள் என்றுதான் சொன்னார்கள். அப்படிக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அக்காதான் முதலில் சொன்னார்: "எல்லாம் வேலி போட்டதுக்கு அப்பாலதான்டீ."

குப்பத்துப் பொதுக்கிணறு ஒரு சவுக்குத்தோப்பின் ஓரத்தில் இருந்தது. தோப்புக்காரர் அதையும் சேர்த்து வளைத்து வேலி போட்டுக்கொண்டார். குப்பத்துப் பஞ்சாயத்தார் கண்டும் காணாமல் இருந்தார்கள். அதன் பிறகு பெண்கள் உப்பங்கழிக் கரையில் மணலைத் தோண்டி, ஊறி வந்த கலங்கல் நீரைக் குடிக்க எடுத்தார்கள். தனித்தனியாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒன்றாக உட்கார்ந்து யாரும் அதைச் சொன்னதில்லை.

அறிக்கை எழுதுவதற்கு முன் அக்கா ஒன்றே ஒன்றைக் கேட்டார். "எம் பேரு வாணாம் டீச்சரு. கொழந்தைங்க பேர எழுதிக்கோ. அதுங்கள இன்னா பண்ணிடுவாங்க?"

அப்படியே எழுதினேன். அவருடைய மூத்த பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் அந்தக் குப்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பெயர் இருந்தால்தான் படிப்பவர் மனம் இளகும் என்று நினைத்தேன். இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. அறிக்கை தாலுகா அதிகாரியிடம் போனது. அவர் விளக்கம் கேட்டு அதன் நகலைப் பஞ்சாயத்தாருக்கே அனுப்பிவைத்தார்.

அந்தப் பெயரை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, அந்த வாரமே அவர்கள் அக்கா வீட்டின் மேல் ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். அவருக்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது, அவர் வீட்டுக்காரரைப் படகில் ஏற்றக் கூடாது, முகம் கொடுத்துப் பேசக் கூடாது. படகு நிழலில் அவரோடு அழுத பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் பஞ்சாயத்தாரிடம் போய், எழுதியது நான், தப்பு என்னுடையது என்றேன். "நீ வெளியூரும்மா, உன்ன இன்னா கேக்கறது" என்று சொல்லி எனக்கு மோர் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வந்து வேலியைப் பிரித்துக் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அக்கா வரவில்லை. கட்டுப்பாடு விழுந்தவர் பொதுக்கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. நான் அவர் வீட்டுக்குப் போனபோது, கழிக்கரையில் எடுத்து வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"நீ எழுதிகினு போய்ட்ட டீச்சரு. நான் எங்க போறது?"

 அவருடைய குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே ஓடிவந்து, அதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.