நின்றிருந்த வண்டியின் கதவு

டிங்கர் மாஸ்டரின் பட்டறை இருக்கும் தெருவில் வண்டி நிறுத்துவது லேசான காரியமில்லை. ஓரமாக வரிசையாக நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே மூன்றாவதைப் பின்னால் எடுத்துச் செருக வேண்டும். வாரத்துக்கு இரண்டு உரசல் நிச்சயம். யார்மேல் தப்பு என்று மாஸ்டர்தான் சொல்வார். ஒடுக்கு எடுப்பது அவர் தொழில். இந்தத் தீர்ப்பு சொல்லும் வேலை தானாகத் தலையில் வந்து விழுந்தது. கீறலில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பிறகு தப்பு செய்த வண்டியின்மேல் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த பிறகு பேச்சே கிடையாது. ஒரு போலீஸ்காரரே வட்டம் வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தபடி போயிருக்கிறார்.

அன்று காலை எதிரில் தகரம் கிழிகிற சத்தம். மாஸ்டர் வெளியே வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. அவர் மனைவியின் தம்பி, வாடகை வண்டி ஓட்டுகிறவன், கிழிந்த உதட்டோடு ரத்தம் துப்பிக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்திருந்தவர் கறுப்புக் கார்காரர். தெருவுக்குப் புதியவர்.

"நின்னுட்டிருந்த வண்டிய இடிச்சிட்டு, எனக்குக் கண்ணு தெரியலையான்னு கேக்குறான்!"

"பொய் மாமா! நான் ரிவர்ஸ்ல உள்ள போயிட்டிருந்தேன். இவருதான் பொறுக்காம சந்துல பூந்தாரு."

"மாஸ்டர் வந்துட்டாரு, வாய மூடுங்கய்யா," என்றார் பழக்கடைக்காரர்.

மாஸ்டர் குந்தி உட்கார்ந்து நகத்தை ஓட்டினார். கறுப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தால் கதவில் கோடு நீளமாக, நேராக விழுந்திருக்கும். இது ஒரு சாண்கூட இல்லை. அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. பின்னால் எடுத்து ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டியின் முன்மூக்கு ரோட்டுப் பக்கம் வீசும். அந்த வீச்சு வெட்டிய வளைவு. கறுப்புக் கார் ரோட்டில் பக்கத்தில் நின்றுதான் இருந்தது.

மைத்துனன் அவர் காதருகே குனிந்தான். "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு ஓனர் சொல்லியிருக்காரு மாமா. அக்காவுக்காகவாவது பாருங்க." பேசும்போது அவன் ரத்தம் மாஸ்டரின் தோளில் சொட்டியது.

மாஸ்டர் கறுப்புக் காரின்மேல் வட்டம் போட்டார்.

"இது என்னய்யா நியாயம்?" கார்காரர் உள்ளங்கையால் வட்டத்தை அழித்தார்.

அந்தத் தெருவில் அதுவரை யாரும் வட்டத்தை அழித்ததில்லை. முதல் உதை பழக்கடைக்காரருடையது. கார்காரரின் முழங்கால் மடங்கியது. அதற்காகவே காத்திருந்ததுபோல் பத்துப் பதினைந்து கால்கள். யாரோ அவர் தலைமுடியைப் பிடித்து அந்தக் கதவிலேயே மோதினார்கள். மூக்கு உடைந்தது. அவர் கத்தவில்லை, மூச்சுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கடா! நான் பொய் சொன்னேன்! தப்பு நம்ம பையன்மேலதான்!" என்று கத்தினார் மாஸ்டர்.

"மாஸ்டருக்கு இளகின மனசு," என்றார் பழக்கடைக்காரர், காலை நிறுத்தாமல். "ஒருத்தன் அடி வாங்குறதப் பாக்க முடியாது அவரால."

"ஐயோ, சத்தியமா பொய்டா!"

"பெரியவர உள்ள கூட்டிட்டுப் போங்கப்பா. படபடப்பா இருக்காரு."

மைத்துனன் தன் வண்டியின் டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து ஓங்கிக்கொண்டு வந்தான். மாஸ்டர் கார்காரர்மேல் குப்புற விழுந்தார். கம்பி அவர் முழங்கையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கால்கள் நின்றன.

"மாமா... நீங்க எதுக்குக் குறுக்க வந்தீங்க?"

மாஸ்டரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கீழே கிடந்தவரின் மூச்சு அவர் கழுத்தில் சூடாகப் பட்டது.

"ஒங்க ஓனருக்குப் போன் போடு மாப்ள. நாந்தான் இடிச்சேன்னு உன் வாயாலயே சொல்லு. அப்புறம் எங்கிட்டக் குடு. இங்க ஒருத்தனும் என்னை நம்ப மாட்டேங்கிறான். அவராவது நம்புறாரான்னு பாப்போம்."

மைத்துனன் போனை எடுத்தான். ரத்த விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.