மோட்டார் கொட்டகையில் அத்தை

அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில் எனக்கு ஒன்பது வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத வயது. அப்படிப்பட்டவளிடம் போய்க் காவல் வேலையைக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் கிளம்பும் வரை அப்பாவின் தங்கையான அத்தை, வயலில் இருந்த மோட்டார் கொட்டகையை விட்டு வராமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தைக்கு மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் கடுகு கடுகாகக் கட்டிகள். தஞ்சாவூர் டாக்டர், இது யாருக்கும் ஒட்டாது, பரம்பரையாக வருவது என்று தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒட்டும் என்று சொல்லியிருந்தால்கூட அம்மா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பார்த்துவிட்டால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும். அத்தைக்கே அப்படி மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. அப்பாவுக்கும் மூக்கோரம் நாலைந்து உண்டு. ஆனால் அவர் சலவை வேட்டியில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். ஆம்பளை மூக்கை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

கொட்டகையில் அத்தை சும்மாதான் இருந்தாள். என்னால்தான் முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டேன், எடுத்தேன். வரப்பில் பாதி தூரம் ஓடித் திரும்பினேன். வந்தவர்களுக்குக் கிண்டிய கேசரி தீர்ந்துவிடுமோ என்று வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய்த் தின்னுட்டு வாடி. நான் எங்க ஓடிடப்போறேன்?" என்றாள் அத்தை.

ஒரே ஓட்டம். கூடத்தில் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, "அம்மா, அத்தைக்கும் ஒரு தட்டு குடும்மா" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "அத்தை இருக்காங்களா? வரச் சொல்லுங்களேன்."

அம்மா முகம் மாறாமல், "நடவுக்கு வர்றவங்கங்க. சின்னது பாசத்துல அத்தைன்னு கூப்பிடும்" என்றாள். அப்பா வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை ஏந்திக்கொண்டு ஓடி, கேட்டதை அப்படியே அத்தையிடம் ஒப்பித்தேன். அவள் கேசரியை எனக்கே ஊட்டினாள். பிறகு முந்தானையால் என் மூக்கோரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எப்பலேர்ந்துடி இருக்கு?"

"கொசு கடிச்சிருக்கும்" என்று திமிறினேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குப் பாவமாகிவிட்டது. அம்மா சொன்னதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "அம்மா சும்மா சொன்னுச்சு அத்தை, நீ நம்ம வீட்டு ஆளுதான்" என்று வெகுநேரம் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.