பழனியம்மாவின் பாதி பாட்டில்

1. பிளாஸ்டிக் பாட்டில்

எழுபதுகளின் கடைசி. டெல்லியில் ஒரு அரசு ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. டியூப் கழுவுவேன், வார்டிலிருந்து ரத்தம் எடுத்து வருவேன். கட்டட வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் ஜுக்கிக் குடிசைகளிலிருந்து கர்ப்பிணிகளுக்கான ஓ.பி.க்கு வருவார்கள். டாக்டர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

பிரஷர் ஏறி, கால் வீங்கி வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு டெஸ்ட் பார்ப்பார்கள். ஒன்று, ரத்தத்தில் யூரிக் ஆசிட். அது ஏறினால் ஆபத்து நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீரில் ஈஸ்ட்ரியால். நஞ்சுக்கொடி தளர்ந்தால் அந்த எண் இறங்கும். அதற்காக ஆளுக்கொரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில் கொடுப்போம்.

சேலம் பக்கத்துப் பழனியம்மா செங்கல் சுமப்பவள். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. இரண்டாவதுக்கும் எட்டு தொடங்கும்போதே பிரஷர். அவளிடம் பாட்டிலைக் கொடுத்து, "ஒரு நாள் பூரா புடிச்சுக் கொண்டாம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பெண்களிடம் இதைப் பேச எனக்குக் கூச்சம். நகர்ந்துவிட்டேன்.

2. இறங்கிய எண்

பாட்டில் பாதிக்கும் குறைவாக வந்தது. கால் வீங்கினவர்களுக்குச் சிறுநீர் குறைவதுண்டு என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஈஸ்ட்ரியால் மிகக் குறைவு. ஆனால் யூரிக் ஆசிட் ஏறவில்லை. பெரிய டாக்டரம்மா பஞ்சாபி, கண்டிப்பானவர். இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதல் குழந்தை போன கதையும் இருந்ததால், மறுநாள் காலை ஆபரேஷன் என்று எழுதி அவளை வார்டில் சேர்த்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் குழந்தை பிழைப்பது பாதிக்குப் பாதிதான்.

அன்று மத்தியானம் கழுவின பாட்டில்களை வெயிலில் காயவைக்கப் போனேன். டிசம்பர் வெயில். வார்டுப் பெண்கள் புல்தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலின் சுகம் இன்றும் முதுகில் இருக்கிறது.

"ஏனுங்ணா, எருமைக்குக் குடுக்க வேண்டிய பாட்டில எனக்குக் குடுத்துட்டீங்களா?" என்றாள் பழனியம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காது சூடானது. இருந்தாலும் கேட்டேன். "எல்லாத்தையும் அதுலதானே ஊத்தினே?"

"பகல்ல சாக்கு மறைப்புல போனதெல்லாம் ஊத்துனேன். விடியறதுக்கு முந்தியும் இருட்டுனப்புறமும் மைதானத்துக்கில்ல போறோம்? அத்தன பொம்பளைங்க மத்தியில இதையும் தூக்கிட்டுப் போவாங்களா? கேக்கலாம்னு வந்தேன், நீங்கதான் ஓடிட்டீங்களே!"

கையிலிருந்த பாட்டில்களை அப்படியே கீழே வைத்தேன்.

டாக்டரம்மா அறை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவரே, "க்யா ஹை? ஜல்தி போலோ" என்று, சீக்கிரம் சொல்லச் சொன்னார்.

"மேடம், பழனியம்மா... போத்தல் பூரா நஹி. நான் சரியாச் சொல்லல. கல்தி மேரா."

தப்பு என்னுடையது என்று தெரிந்த இந்தியில் சொல்லி, மைதானத்தைப் பற்றியும் சொல்லி முடித்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் ஆபரேஷன் சீட்டை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகுதான் திட்டினார். "வெட்கப்பட்டியா? உன் வெட்கத்துக்காக நான் அவள் வயிற்றைக் கிழித்திருப்பேன்."

3. மூன்று வாரம்

வார்டிலேயே பெட்பேன் வைத்து, நர்ஸ் மேற்பார்வையில் மறுபடி பிடித்தோம். எண் பயப்படும்படி இல்லை. காத்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் ரத்தத்தை நான்தான் லேபுக்கு எடுத்துப் போனேன். ரிசல்ட் எழுதும்வரை டெக்னீஷியன் பக்கத்திலேயே நிற்பேன். "உன் சொந்தக்காரியா?" என்று கேலி செய்வார்.

மூன்றாவது வாரக் கடைசியில் யூரிக் ஆசிட் ஏறியது. பிரஷரும் ஏறியது. அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் வராந்தாவரை கேட்கிற மாதிரி அழுதது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு டிரேயில் நஞ்சுக்கொடியைக் காட்டினார். அங்கங்கே வெளுத்து இறுகிப்போன திட்டுகள். "தேக்கோ. இதற்கு மேல் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. மூன்று வாரம் முன்பே எடுத்திருந்தால் குழந்தை தாங்கியிருக்காது" என்றார்.

இப்போது ஸ்கேன் வந்துவிட்டது. அந்தப் பாட்டில்கள் போய்விட்டன. ஒரு துளி ரத்தத்திலேயே எல்லாம் முன்கூட்டித் தெரியும் நாள் வரும் என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த மெஷினும் நாம் கொண்டுபோய்க் கொடுத்ததைத்தான் பார்க்கும். அது எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போதும் தரையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். ஆனால் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.