பெருநாள் துணிகள் நனைந்த அன்று

எங்கள் அத்தா பொய் சொல்லமாட்டார் என்று சங்கராபுரம் கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பாத்திரக்கடைக்காரருக்கு அந்தப் பெயர் லேசில் கிடைப்பதில்லை. ஒன்பது வயதில் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. இன்று யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

அம்மா வீட்டிலேயே துணி தைத்தாள். நோன்பு மாதம் வந்தால் எங்கள் தெருவின் பெருநாள் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். பின்னறையில் தையல் மிஷின், அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை. சுவருக்குள் ஓடிய பைப்பு எங்கேயோ கசிந்து, பூச்சு உப்பிப் பெயர்ந்து, அவள் தலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தா சுவரைத் தட்டிப் பார்ப்பார்.

"மழைக்கு ஓதம் ஏறிக்கினு இருக்குது. வெயில் வந்தா காஞ்சிடும்."

வெயில் வந்தது. சுவர் காயவில்லை. மொட்டை மாடிக் கதவின் சாவியையாவது கொடுத்துவிட்டுப் போங்கள், அவசரத்துக்கு டேங்க் வால்வை மூடிக்கொள்கிறேன் என்று கேட்டாள். "வால்வு பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போனார்.

பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தபோது, காலை பத்து மணி வாக்கில் பைப்பு வெடித்தது. எனக்கு அன்று பள்ளி விடுமுறை. அம்மா அடுப்படியில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடினால், சுவர் பிளந்து தண்ணீர் நேராகக் கட்டில்மேல் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. தைத்து முடித்த துணிகள் ஆறு வீட்டுக்கு ஆறு அடுக்காக அங்கேதான் இருந்தன. அந்த வீட்டில் அவற்றை வைக்க வேறு இடம் இல்லை. அம்மா இரண்டு உள்ளங்கையாலும் வெடிப்பை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"அத்தாவுக்குப் போன் போடுடி!"

நான்கு முறை போட்டேன். எடுக்கவில்லை.

"ஓடு! சாவி வாங்கிக்கினு வா!"

ஓடினேன். கடையில் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தது. "அத்தா, வூட்டுல பைப்பு" என்று ஆரம்பித்தேன். "இரு பாப்பா" என்று விரலைத் தூக்கினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கறப்ப குறுக்க வரலாமா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் ஒரு தவலையை விரலால் சுண்டி, அதன் ஓசையை அவர்களுக்குக் கேட்கவைத்தார். அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் என ஒவ்வொன்றாக இறங்கி, எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் என்ன என்று கேட்டார். சாவியை மட்டும் என் கையில் கொடுத்து முன்னாலேயே அனுப்பியிருக்கலாம். அதை இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

நாங்கள் போனபோது அம்மா அதே இடத்தில், அதே மாதிரி சுவரை அழுத்திக்கொண்டு நின்றாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். தண்ணீர் அவள் விரலிடுக்கெல்லாம் வழிந்து அறை முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. ஒரு சிவப்புப் பாவாடையின் சாயம் இறங்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வெள்ளை ஜிப்பா, அதற்குக் கீழே இருந்த சுடிதார், எல்லாமே திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தன. அத்தா மாடிக்குப் போய் வால்வை மூட அரை நிமிடம் ஆனது.

அம்மா சத்தம்போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ரெண்டு மாசமா கத்துனனே, காதுல வாங்குனீங்களா? இத இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு நா கொண்டும் போயி குடுக்கறது? நீங்களே போங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

ஈரத்துணி மூட்டையை அவர் காலடியில் போட்டாள். அத்தா மூட்டையைப் பைக்கில் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஆறு வீட்டிலும் வாசலில் நின்று, தலையைக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"வூட்டுல கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டாங்க. ஈரச் சுவருன்னு தெரிஞ்சும் அங்கியே வெச்சிருக்கறாங்க. நோன்பு அசதி பாருங்க, தூங்கிட்டாங்க போல. இன்னா பாப்பா?"

நான் தலையாட்டினேன்.

"உடுங்க பாய், நீங்களே நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு" என்றார்கள். ஒரு வீட்டில் எனக்கு முறுக்குகூடக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது எனக்கு வாய் கொள்ளவில்லை. யாரும் திட்டவில்லை, அத்தா எவ்வளவு பணிவாகப் பேசினார் என்று ஆரம்பித்து, அவர் சொன்னதை அவர் குரலிலேயே, ஒரு சொல் விடாமல் சொல்லிக் காட்டினேன். அம்மா வாய்வரை கொண்டுபோன கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தூங்கிட்டனா?" என்று கேட்டாள்.

அத்தா பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு துணியும் வரவில்லை. அம்மாவுக்கு இனிமேல் வேலை இல்லை, என்னோடு விளையாடுவாள் என்று நான் குதித்தேன். அவள் பெற்ற பிள்ளையே பக்கத்தில் நின்று தலையாட்டும்போது அந்த ஆறு வீட்டுக்கும் வேறு சாட்சி எதற்கு என்பது, அப்போது எனக்குப் புரியவில்லை.